இருமினதும் குதிக்கணும்

செப்டம்பர் 1, ஞாயிறு

வட்டக்கல்துறை அக்னேசம்மாள் ஆகிய நான், ஐந்தாம் வகுப்பு பாஸ், இந்த நோட்டில் எழுதுவது. ஐந்தாவதில் இன்ஸ்பெக்டர் வந்து என் கையெழுத்தைப் பார்த்து "இது அச்சடிச்சதா?" என்று கேட்டார். அது இருக்கட்டும்.

நேற்று மார்த்தாண்டத்தில் தொண்டை டாக்டரிடம் போனோம். மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு, என் தொண்டையை எனக்கே டிவியில் காட்டினார். உள்ளே ரெண்டு சின்னக் கதவு திறந்து திறந்து மூடுகிறது. ஒரு கதவில் உளுந்து அளவு முடிச்சு.

"என்ன வேலை பாக்குதிய பாட்டி?"

"முப்பத்தெட்டு வருஷமா கோவில்ல ஜெபமாலை சொல்லிக்குடுக்கேன். மைக் வாறதுக்கு முந்தியே கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும்."

"அப்ப முடிச்சு வந்தது சரிதான்" என்றார். ஏதோ நான் பரீட்சையில் சரியாக விடை எழுதியது மாதிரி.

ஒரு மாதம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. குசுகுசு என்றும் கூடாது, அது இன்னும் கெடுதலாம். முப்பதாம் தேதி மறுபடி காட்டணும். முடிச்சு கரைந்திருந்தால் சரி. இல்லாவிட்டால் கத்தி. கத்தி வைத்தால் பழைய குரல் வருமா என்று கேட்டேன். மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடிவிட்டு, "பாப்போம்" என்றார்.

அக்டோபர் ஒன்றாம் தேதி ஜெபமாலை மாதம் தொடக்கம். அன்றைக்கு மைக் முன்னால் நான் நிற்கணும். எங்கள் கோவில் வழக்கம் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்: ஜெபமாலை முடிவில் ஒருத்தி புனிதர்கள் பெயரை ஒவ்வொன்றாக ராகத்தில் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் ஊரே சேர்ந்து "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லும். அந்த ஒருத்தி நான். இந்தக் கரையில் அந்த ராகத்தைக் கேட்டால் யாருக்கும் யோசனை தேவையில்லை, வாய் தானாகத் திறக்கும். என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில், நான் தூக்கத்தில் புரண்டு முனகினால்கூட "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார்.

டாக்டர் ஞாயிறு காலையிலிருந்து பேசக்கூடாது என்றார். நான் சனிக்கிழமை சாயங்காலக் கோவில் மணியோடே நிறுத்துவது என்று முடிவு செய்தேன். அதனால் மணி அடிக்கும்வரை பேச வேண்டியதை எல்லாம் பேசித் தீர்த்தேன். மருமகள் ஷீபாவுக்கு ஒரு மாதத்துச் சமையலைச் சொன்னேன். கடலுக்குப் போயிருக்கிற மகனுக்கு போனில் புத்தி சொன்னேன். கடைசியாகப் பேரன் ரெஜின். பத்தொன்பது வயது, ஊர் கால்பந்துக் குழுவில் கோல் காக்கிற ரெண்டாவது கோலி. ரெண்டாவது என்றால் முதல் கோலிக்குக் காய்ச்சல் வந்தால் நிற்கிறவன். முற்றத்தில் பந்தைச் சுவரில் எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். பந்து கையில் நழுவி நேராக என் மீன்குழம்புச் சட்டியில் விழுந்தது. வாளை மீன்.

"லேய், உனக்க கையில பந்து இல்ல, ஒரு பூவன்பழத்தை வச்சாலும் நிக்காது லே!" என்றேன்.

மணி அடித்தது.

செப்டம்பர் 2, திங்கள்

ஷீபா ஒரு சிலேட்டும் சாக்பீசும் வாங்கித் தந்தாள். "குழம்புக்குப் புளி போதாது" என்று எழுதிக் காட்டினேன். "மாமி, எனக்குக் கண்ணாடி இல்லல்லா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

ரெஜின் தன் கிளவுஸைத் துவைத்து எப்போதும் என் கொடியில்தான் காயப்போடுவான், என் வெள்ளைச் சேலைக்குப் பக்கத்தில். சேறு சொட்டும், நான் திட்டுவேன், மறுநாளும் போடுவான். இன்று பார்த்தேன், பக்கத்து வீட்டு முள்வேலியில் தொங்குகிறது.

நல்லதுதான். சேலை வெளுப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 5, வியாழன்

பேசவில்லை. மழை.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள். என் இடத்தில் லில்லி புஷ்பம் டீச்சர் சொல்லிக்கொடுத்தாள். ரிட்டயர் ஆன தமிழ் டீச்சர். ஒவ்வொரு பெயரையும் அட்டெண்டன்ஸ் எடுப்பது மாதிரி கூப்பிட்டாள். மேலே இருந்து புனிதர்கள் "உள்ளேன் ஐயா" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பூசை முடிந்து வெளியே வரும்போது சிலேட்டில் "நன்றாக இருந்தது" என்று எழுதிக் காட்டினேன். "ன்-க்கு மூணு சுழி போட்டிருக்கீங்க அக்கா, இது ரெண்டு சுழி" என்று சொல்லி விரலால் அழித்துத் திருத்தினாள்.

புதுச் சாமியார், ஃபாதர் கிளாரன்ஸ், அவளிடம், "டீச்சர், அக்டோபருக்கும் நீங்க தயாரா இருங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. தொண்டைதான் கெட்டது, காது கெடவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

முதல் கோலி ஷாஜு கப்பல் வேலை கிடைத்து மும்பைக்குப் போய்விட்டான். வருகிற ஞாயிறு கரை ஊர்களுக்கான பந்துப் போட்டி, கரைக் கப்பு, தொடங்குகிறது. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற ஆட்டம். கோலி இனி ரெஜின்.

ஷீபா சந்தோஷத்தில் ரெண்டு முட்டை பொரித்து வைத்தாள். அவன் ஒன்றைத்தான் தின்றான்.

செப்டம்பர் 12, வியாழன்

ரேஷன் அரிசி கல் பொறுக்கினேன். ஜன்னலுக்கு வெளியே ரெஜின் குழுக் கேப்டனிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"வேற யாரையாவது நிறுத்து மக்கா. எனக்க கையில பூவன்பழம்கூட நிக்காது."

"யாரு லே அப்படிச் சொன்னது?"

"சும்மா. பொதுவா சொல்லுவாவ."

இன்று அரிசியில் கல் அதிகம். ரெண்டு தடவை பொறுக்கியும் போகவில்லை. ரேஷன் கடைக்காரனைச் சொல்லணும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

முதல் ஆட்டம். மூணு கோலுக்கு ஜெயித்தோம். எனக்குப் பந்தாட்டம் பார்க்கிற பழக்கம் இல்லை. ரெஜின் பக்கம் நாலு தடவைதான் பந்து வந்தது. நாலையும் நம் ஆட்களே காலால் அடித்து விரட்டிவிட்டார்கள், அவன் கைக்கு ஒன்றும் வரவில்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கோவில் பாரிஷ் ஹால் மாடியில் மீன் காயப்போட்டிருந்தேன். அங்கே இருந்து மைதானம் தெரியும். மழை மூட்டம்தான். ஆனாலும் மீன் காயணும்தானே.

செப்டம்பர் 17, செவ்வாய்

பதினேழு நாள் ஆச்சு. ரெஜின் தின்னக் குடிக்க வருகிறான், போகிறான். "பாட்டி" என்று கூப்பிடுகிறான். மரியாதையாகத்தான் இருக்கிறான். அதுதான் சரியில்லை. முன்பெல்லாம் "கிழவி" என்பான்.

காலையில் அவன் தேத்தண்ணீர் குடிக்கும்போது சிலேட்டை எடுத்து, "நான் அன்றைக்குச் சொன்னது" என்று எழுதினேன். மீதியை எழுத இடம் இருந்தது. அவன் பார்க்கிறதுக்குள் அழித்துவிட்டு, "குடத்தில் தண்ணீர் பிடித்து வை" என்று எழுதிக் காட்டினேன். பிடித்து வைத்தான்.

வாயால் சொன்னதை வாயால்தான் எடுக்கணும். சாக்பீசால் எடுத்தால் நிற்காது. முப்பதாம் தேதிக்கு இன்னும் பதிமூணு நாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

டீச்சர் வீட்டிலிருந்து ஜெபமாலைப் பாடம் கேட்கிறது. மாடியில் நின்று பழகுகிறாள். ராகம் முன்னைவிடப் பரவாயில்லை. எழுதிவிட்டேன், சரி, இனி கோடு போட்டு அடிக்க மாட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நாளைக்கு யாராவது வேறு மாதிரி சொன்னால் இந்த நோட்டுதான் சாட்சி.

அரையிறுதி. எதிர்க்குழு நெடுங்கரை. அவர்களும் நம் கரைதான், நம் கோவில்தான், நம் மாதிரியே மீன்பிடிக்கிறவர்கள்தான், ஆனால் பந்து என்று வந்தால் பகை. மைதானத்தில் ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் அவர்கள். ரெண்டாயிரம் பேர் இருக்கும். நான் பார்க்கப் போகவில்லை. ரெஜின் தண்ணீர்ப் பாட்டிலை மறந்துவிட்டுப் போயிருந்தான். கொடுக்கப் போனேன். கொடுத்த பிறகு கூட்டத்தில் திரும்பி வர வழியில்லை. அதனால் கோல் கம்பத்துக்குப் பின்னால் முதல் வரிசையில் உட்கார வேண்டியதாகிவிட்டது. ஷீபா ஏற்கெனவே அங்கே துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். அது தற்செயல்.

ஒன்றுக்கு ஒன்று. நேரம் முடிந்தது. பெனால்டி.

இதுவும் தெரியாதவர்களுக்கு: பந்தை வைத்து ஒருத்தன் அடிப்பான், கோலி தனியாக நிற்பான். பக்கத்துக்கு ஐந்து. தூக்குமேடையில் ஏற்றிவிட்டு "தைரியமா இரு" என்று சொல்வதற்குச் சமம்.

மூணு மூணு அடித்து முடித்தபோது மூணுக்கு மூணு. ரெஜின் மூணு தடவையும் தப்பான பக்கம் குதித்தான். நாலாவதை நாங்கள் உள்ளே அடித்தோம். இனி அவர்கள் நாலாவது. ரெஜின் குதிக்கத் தயாராக நிற்கவில்லை. தலையைக் குனிந்து கிளவுஸ் போட்ட ரெண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளங்கையைத் திருப்பி, புறங்கையைத் திருப்பி. அவன் எதைத் தேடுகிறான் என்று இந்த ரெண்டாயிரம் பேரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். பூவன்பழத்தை.

அப்புறம் நடந்தது: நான் இருமினேன்.

இருமலுக்கு முன்னால் ஒரு பெயர் வந்திருக்கலாம்.

"லேய், தலையைத் தூக்குலே" என்று அதட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் இருபத்திரெண்டு நாள் பூட்டிக் கிடந்த தொண்டை. அதற்குத் தெரிந்த வழி ஒன்றுதான். முப்பத்தெட்டு வருஷத்து ராகத்தில், கடைசி பெஞ்சு வரை கேட்கிற மாதிரி, "ரெஜினே..." என்று இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. முடிவில் துரு தட்டி, "க்ஹும், க்ஹும்" என்று ரெண்டு இருமல்.

மைதானம் முழுக்க ஒரே குரலில்: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

எங்கள் பக்கம் மட்டும் அல்ல. நெடுங்கரைக்காரர்களும். மாதாவே, அவர்கள் ஆயிரம் பேரும் எழுந்து நின்று எங்கள் கோலியை நோக்கி வேண்டிக்கொண்டார்கள். விசிலை வாயில் வைத்திருந்த ரெஃபரி விசிலை எடுத்துவிட்டுச் சொன்னார். பந்தை அடிக்க ஓடிவந்தவன் பாதி ஓட்டத்தில் ஒரு கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டே அடித்தான், அதே நேரம் எனக்கு மறுபடி ஒரு இருமல். ரெஜின் குதித்தான். பந்து கையில் வந்து ஒட்டியது.

பிறகு நெடுங்கரைப் பக்கம் சத்தம். "யாரு லே சொன்னது?" "நீதான் முதல்ல சொன்ன!" "எனக்க வாய்க்கு என்ன தெரியும்!" என்று தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள்.

ஐந்தாவதை நாங்கள் வெளியே அடித்துவிட்டோம். அவர்கள் ஐந்தாவது உள்ளே போனால் சமம். நெடுங்கரை மொத்தமும் முன்னெச்சரிக்கையாக ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. ஷீபா என் முழங்கையைப் பிடித்து, "மாமி, வேண்டாம், டாக்டர்..." என்றாள். அப்புறம் அவளே, "ஒரே ஒரு தடவை மாமி" என்றாள்.

ஒரே ஒரு தடவை இருமினேன். மேலே சொன்ன மாதிரி.

பொத்தின கைகளுக்குள்ளிருந்து "ம்ம்ம்ம் ம்ம்ம்ம்ம்" என்று அதே ராகத்தில் பதில் வந்தது. அடிக்க வந்தவன் உதடு அசைந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கடைசி க்ஹும் வந்ததும் ரெஜின் இடது பக்கம் குதித்தான். ஜெயித்தோம்.

வீட்டுக்கு வந்து சுக்குக் கஷாயம் வைத்துக் குடித்தேன். தொண்டையில் மணல் போட்டு அரைத்த மாதிரி இருக்கிறது. கவலைப்படவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

காலையில் கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கதவுகள் உள்ளே இருக்கின்றன. திறக்குமா, மூடுமா, தெரியாது.

அடுப்பங்கரையில் ரெஜின் அவன் அம்மையிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பின்வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், மறைந்து நின்று கேட்கவில்லை.

"முதல் மூணுக்கும் எப்பக் குதிக்கணும்னே தெரியல அம்மா. சீக்கிரம் குதிச்சேன். நாலாவது, பாட்டி இருமினதும் குதிச்சேன். அவனும் சரியா அப்பத்தான் அடிச்சான்."

"அஞ்சாவது?"

"அதுவும் இருமினதும்தான்."

"அப்ப அவிய பேரு சொல்லிக் கூப்பிட்டது?"

"அது கேட்டுதான் தலையைத் தூக்கினேன்" என்றான்.

மீன் மூணு தடவை கழுவினேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

நெடுங்கரைக்காரர்கள் ஃபாதரிடம் புகார் கொடுத்துவிட்டார்கள். பாரிஷ் ஹாலில் விசாரணை. என்னை முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மடியில் சிலேட்டு.

நெடுங்கரைக் கேப்டன், "ஃபாதர், எங்க ஊருக்காரங்களே எங்களுக்கு எதிரா வேண்டிக்கிட்டாங்க. இது ஆட்டமா?" என்றான்.

"யாரு முதல்ல ஆரம்பிச்சது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டினேன்: "நான் இருமினேன்."

"இருமலுக்கு எங்க ஆளுங்க எதுக்கு பதில் சொன்னாங்க?"

"அதை நீங்க உங்க ஆளுங்ககிட்டல்லா கேக்கணும்" என்றார் ஃபாதர்.

"கேட்டோம் ஃபாதர். எனக்க அம்மையே சொல்லியிருக்கா. வீட்டுல ரெண்டு நாளா அவகூட நான் பேசல."

ஹாலே சிரித்தது. ஃபாதரும் சிரித்துவிட்டு முகத்தைச் சரிசெய்துகொண்டார். முடிவு: ஆட்டம் ஆட்டம்தான், ஜெயித்தது ஜெயித்ததுதான். ஆனால் இனிமேல் மைதானத்தில் அந்தப் பதில் கூடாது. "ஒருத்தர் பேரைச் சொல்லி அப்படிப் பதில் சொன்னா அவரைப் புனிதர் ஆக்கியாச்சுன்னு அர்த்தம். அதுக்கு ரோமாபுரியில இருந்து உத்தரவு வரணும். ரெஜின் போன ஞாயிறு பூசைக்கே வரல."

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "பாட்டி, முப்பதாம் தேதி டாக்டர் என்ன சொன்னாலும் சரி, மைக்குக்கு டீச்சர் இருக்காங்க. நீங்க ஓய்வெடுங்க" என்றார். நல்ல மனசில்தான் சொன்னார். நல்ல மனசு உள்ளவர்களிடம் சண்டை போட சிலேட்டு போதாது.

செப்டம்பர் 26, வியாழன்

ஊர்ப் பையன்கள் என்னென்னவோ வேறு பதில் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் அந்த ராகத்தில் உட்காரவில்லை. கடைசியில் ஒன்று கிடைத்திருக்கிறது. முன்னால் ஒருத்தன், "ரெஜினே..." என்பான். ஊர், "எங்களுக்காகத் தடுத்துக்கொள்ளும்!" என்று சொல்லும். கச்சிதம். ஃபாதர் கேட்டுவிட்டு, இதில் குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டேன், அதாவது எழுதிக் கேட்டேன். ஷீபா சொன்னாள். இந்த நோட்டில் இடம் குறைவாக இருப்பதால் பெயரை எழுதவில்லை. தமிழ் டீச்சர் என்றால் ஊரில் ஒரே ஒருத்திதான்.

ஒரே ஒரு குறை. பையன்கள் பழகும்போது என் இருமலையும் சேர்த்து, "ரெஜினே, க்ஹும் க்ஹும்" என்றுதான் சொன்னார்களாம். டீச்சர், "வயசானவங்க நோயைக் கேலி பண்ணுவது பண்பாடா?" என்று அதட்டி இருமலை எடுத்துவிட்டாள். எனக்காகச் செய்த மரியாதை. ஒன்றும் சொல்வதற்கில்லை.

பாட்டில் இனி இருமல் இல்லை என்று ரெஜினுக்குத் தெரியுமா?

செப்டம்பர் 28, சனி

சேலை துவைத்தேன். கொடியில் என் சேலை மட்டும். முள்வேலியில் கிளவுஸ். ஒரு விரல் கிழிந்திருக்கிறது. அவன் இல்லாத நேரம் எடுத்து வெள்ளை நூலால் தைத்து மறுபடி வேலியிலேயே போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

இறுதி ஆட்டம். எதிர்க்குழு ஏழு கரை தாண்டி வந்தவர்கள், பெரிய கிளப்பு, எல்லாருக்கும் ஒரே நிறத்தில் ஷூ. நெடுங்கரைக்காரர்களும் வந்திருந்தார்கள், ஆனால் எங்கள் பக்கம் உட்கார்ந்தார்கள். "தோத்தாலும் அந்தப் பாட்டு நல்லாருக்கு" என்றார்களாம். அவர்கள் கேப்டனும் அவன் அம்மையும் பேசத் தொடங்கிவிட்டார்கள், ஒரே வேர்க்கடலைப் பொட்டலத்தில் தின்றார்கள்.

நான் எப்படிப் போனேன் என்று இனி எழுதப்போவதில்லை. போனேன். வாயில் துணியைச் சுருட்டிக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாளைக்கு டாக்டர்.

பக்கத்தில் டீச்சர் வந்து உட்கார்ந்தாள்.

ரெண்டாயிரம் பேர் என் ராகத்தில் பாடுவதை எழுத எனக்கு ஐந்தாம் வகுப்பு போதாது. உடம்பு முழுக்கப் புல்லரித்தது என்று மட்டும் எழுதுகிறேன். "எங்களுக்காகத் தடுத்துக்கொள்ளும்!" ரெஜின் தடுத்துக்கொண்டான். மேலே வந்ததைத் தட்டினான், கீழே வந்ததைப் படுத்துப் பிடித்தான். நாங்கள் ஒரு கோல் போட்டோம். முடிய ரெண்டு நிமிஷம் இருக்கும்போது நம் ஆள் ஒருத்தன் அவர்கள் ஆளைக் காலை வாரினான். பெனால்டி.

எல்லாரும் எழுந்தார்கள். ஒரு பையன், "ரெஜினே..." என்று இழுத்தான். ஊர் பதில் சொன்னது. பிறகு அமைதி. அடிக்கிறவன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான்.

ரெஜின் குனிந்து நின்றான். ஆனால் பந்தைப் பார்க்கவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் எங்கள் பக்கமாகக் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றான். எதற்கோ காத்திருக்கிறான். வரவேண்டியது வரவில்லை.

டீச்சர் அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் படித்தவள், சட்டென்று பிடித்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ அக்கா, அந்த இருமலை எடுத்திருக்கக் கூடாதோ?"

அடிக்கிறவன் ஓடிவந்தான். ஒரு அடி, ரெண்டு அடி. டாக்டர் பேசக்கூடாது என்றார், குசுகுசு கூடாது என்றார். இருமலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாயிலிருந்து துணியை எடுத்தேன்.

ரெண்டாயிரம் பேர் மூச்சு விடாத மைதானத்தில் ஒரு கிழவியின் இருமல், "க்ஹும், க்ஹும்."

ரெஜின் குதித்தான்.

பந்தைத் தட்டிவிடவில்லை. ரெண்டு கையாலும் பிடித்தான். பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உருண்டான், எழுந்தான், இன்னும் கையிலேயே இருந்தது. நழுவவில்லை. விசில் ஊதின பிறகும் விடவில்லை. ரெஃபரி வந்து கேட்டுத்தான் வாங்கினார்.

கப்பு எங்களுக்கு. திரும்பி வரும்போது வழியெல்லாம் பையன்கள், பெண்கள், நெடுங்கரைக்காரர்கள், எல்லாரும் இருமிக்கொண்டே நடந்தார்கள். எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலை மூடிக்கொண்டார்கள். டீச்சர் என் பக்கத்தில் நடந்தபடி மெதுவாக ஒரு தடவை இருமிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. பழகினால் வரும்.

செப்டம்பர் 30, திங்கள்

ரெஜின் பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். மறுபடி குழாய், மறுபடி டிவி. கதவில் உளுந்து இருந்த இடத்தில் கடுகு.

"மாசம் முழுக்க ஒரு வார்த்தைகூட பேசலியா பாட்டி?"

தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். இருமல் வார்த்தையில் சேராது. அரையிறுதியில் கூப்பிட்ட பெயர் பழைய கணக்கு.

"கத்தி வேண்டாம். பேசலாம். ஆனா பாதிச் சத்தம், ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம். ஏதாவது சொல்லுங்க, கேப்போம்."

ஒரு மாதமாக இந்த நேரத்துக்கென்று ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். மன்னிப்பு என்கிற சொல் அதில் ரெண்டு இடத்தில் வரும். ரெஜின் கதவோரம் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"லேய் ரெஜினே" என்றேன். குரல் கரகரத்தது, ஆனால் என் குரல்தான். "முள்வேலியில போட்டா கிளவுஸ் கிழியும்லே. எடுத்து நம்ம கொடியில போடு."

டாக்டர், "சொல் தெளிவா இருக்கு" என்று எழுதிக்கொண்டார்.

ரெஜின் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டான். அறைக்குள்ளேயே. கண்ணாடியையும் இறக்கிவிட்டான். உள்ளிருந்து, "சரி கிழவி" என்றான்.

வழியில் கடையில் பைக்கை நிறுத்தி பூவன்பழம் ஒரு சீப்பு வாங்கினான். ஒன்றை உரித்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினான். நின்றது.

அக்டோபர் 1, செவ்வாய்

காலையில் கொடியில் கிளவுஸ். என் வெள்ளைச் சேலையில் முழங்கை அளவு சேறு. இன்றைக்குக் கோவிலுக்கு உடுக்க வேண்டிய சேலை. மறுபடி துவைத்து இஸ்திரி போட்டு ஈரத்தோடு உடுத்திக்கொண்டு போனேன். திட்டவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஃபாதரிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பத்து நிமிஷம்தான். ஜெபமாலை முழுவதையும் டீச்சர் சொல்லட்டும், முடிவில் புனிதர்களைக் கூப்பிடுவது மட்டும் நான். டீச்சரே எழுந்து வந்து மைக்கை என் உயரத்துக்கு இறக்கிவைத்தாள்.

கோவில் நிறைந்திருந்தது. ரெஜினும் வந்திருந்தான், முதல் பெஞ்சில், குளித்து, தலை சீவி. நெஞ்சில் கை வைத்து, மாதாவைப் பார்த்து, ராகத்தை எடுத்தேன். முதல் பெயர் வந்தது. பாதிச் சத்தம்தான், ஆனாலும் கடைசி பெஞ்சு வரை போனதைப் பார்த்தேன். முடிவில் தொண்டை கொஞ்சம் பிடித்தது. மைக்கிலேயே லேசாக, "க்ஹும், க்ஹும்."

கோவில் மொத்தமும் ஒரே குரலில்:

"எங்களுக்காகத் தடுத்துக்கொள்ளும்!"

ஃபாதர் குரலும் அதில் இருந்தது. ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

முதல் பெஞ்சில் ரெஜின் பாதி எழுந்துவிட்டான், ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு.

சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. என் பத்து நிமிஷம் அதிலேயே போய்விட்டது. மீதியை டீச்சர்தான் சொன்னாள். எனக்கு வருத்தம் இல்லை, இது நிஜமாகவே. மாதா முகத்தை நன்றாகப் பார்த்தேன். கோபமாக இல்லை. எங்கள் பக்கம் வருகிற எத்தனையோ கெடுதலை அவள் தடுத்துக்கொண்டுதானே இருக்கிறாள், முப்பத்தெட்டு வருஷமாக யாரும் அதைச் சரியான வார்த்தையில் சொன்னதில்லை.

நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது. ஷீபாவிடம் மளிகைச் சிட்டை எழுதக் கொடுத்துவிடுவேன். இனி வாயால் பேசிக்கொள்வேன். முதல் வேலை, குழம்புக்குப் புளி போதாது என்று அவளிடம் சொல்லணும்.